மாகறல் சாலையில் ஒரு பஞ்சர்

அத்தியாயம் – 5

“டயர மாத்தனது நானு. அவ இல்ல,” என்றான் பிரேம்நாத். மூன்றாவது தடவையாகச் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி ஏறியது.

“நான் மாத்தினேன்,” என்றாள் மஞ்சுளா. அவளுக்குக் குரல் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

உத்திரமேரூரில் துரைராஜ் வீட்டுக் கூடம். சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த பட்டுப் புடவைகளை வாங்கிக் காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர் துரைராஜ். பிரேம்நாத் அவர் மனைவியின் தம்பி. மஞ்சுளா சொந்தமாகக் ‘குட்டி யானை’ மினி லாரி வாங்கி லோடு அடிக்கிறவள். நேற்றுக் காலை முகூர்த்தப் புடவைகள் கட்டிய மூட்டை ஒன்று அவள் வண்டியில் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பியது. காவலுக்குப் பிரேம்நாத். மாகறலுக்குச் சற்று முன்னால் பஞ்சர். டயரை மாற்றிக்கொண்டு கிளம்பிய கொஞ்ச தூரத்தில், சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்த பிரேம்நாத் அலறினான். மூட்டையைக் காணோம்.

டயர் மாற்றியது ஒருவர். அந்த நேரத்தில் வண்டியின் மறுபக்கம் சும்மா இருந்தது இன்னொருவர். சும்மா இருந்தவர்தான் மூட்டையைக் கைமாற்றியிருக்க வேண்டும். வழக்கு இவ்வளவுதான். இதற்குத் துரைராஜ் நேற்றே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார். வாசலில் நின்று, தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, மஞ்சுளாவைத் திருடி என்று கத்தி, வண்டிச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லும்மா,” என்றார் இப்போது, மஞ்சுளா கூட்டி வந்திருந்த இளவரசியிடம். “பொம்பள ஜாக்கி போட்டு டயர் மாத்துவாளா? சாய்ந்தரம் வரைக்கும் பாப்பேன். மூட்டை வரலன்னா ஸ்டேஷன்ல எய்திக் குடுத்துடுவேன். அப்பால அவ வண்டி ஸ்டேஷன் வாசல்ல நின்னு துரு புடிக்கும். எவனும் அவளுக்கு லோடு குடுக்க மாட்டான்.”

இளவரசிக்குக் காது மடல் சூடானது. அவள் குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. அதை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஒரு வேலைக்குப் போகாமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, “பொம்பள துப்பறிவாளா?” என்று இந்த ஊர் கேட்டதும் இதே குரலில்தான்.

“சார், உங்க வூட்ல கேஸ் சிலிண்டர் மாத்தறது யாரு?” என்று குறுக்கே புகுந்தான் அரவிந்தன். இளவரசியின் உதவியாளன். வாய் மட்டும் இல்லையென்றால் எப்போதோ வேறு நல்ல வேலைக்குப் போயிருப்பான்.

“என் சம்சாரம். ஏன்?”

“இல்ல, அது வெடிச்சா வூடே போயிடும். டயர் வெடிச்சா காத்துதான போவும்? அதான் கேட்டேன்.”

“அரவிந்தா,” என்று அடக்கிவிட்டு இளவரசி பிரேம்நாத் பக்கம் திரும்பினாள். “எந்த டயர்?”

“டிரைவர் சைடு, பின்னாடி.”

“எப்படி மாத்தினீங்க?”

மாட்டிக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் மாட்டவில்லை. “நட்டு இறுகிக் கெடந்துச்சு. ஸ்பேனர்ல இரும்பு பைப்ப சொருவி, அது மேல ஏறி நின்னுதான் தெறந்தேன். ரோட்டோரம் மண்ணு, ஜாக்கி எறங்கிடும்னு கீய ஒரு பலகை வச்சேன். போதுமா?”

“நான் ஆரம்பிச்சத பாத்துக்கினு இருந்துட்டு அப்படியே ஒப்பிக்கிறான்!” என்று மஞ்சுளா பாய்ந்தாள்.

“பாத்தியாம்மா?” என்றார் துரைராஜ். “செஞ்சவன் சொல்றான்.”

இளவரசி பிரேம்நாத்தின் வலது குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மட்டும் பார்த்தாள். “கால்ல என்ன?”

“புதுச் செருப்பு. கடிச்சிடுச்சு.”

“ஆளு பழகலன்னா அப்படித்தாங்க,” என்றான் அரவிந்தன். “எங்க தெரு நாயும் அதேதான்.”

*

இளவரசியின் கார் பல முதலாளிகளைப் பார்த்து அலுத்துப்போன கார். அதன் பின்சீட்டில் மஞ்சுளா ஒரு காக்கிப் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அது என்ன பை?”

“என் சாமானுங்க. சாவிய புடுங்கிக்கினாரு. இத்த வுட மாட்டேன்னு தூக்கிக்கினு வந்துட்டேன்.”

மாகறல் போகும் சாலை. சித்திரை வெயில் கண்ணாடி வழியாக அடித்தது. இருபுறமும் நவரைப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்த வயல்கள். திடீரென்று ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது.

“அக்கா,” என்றான் அரவிந்தன். ஆட்கள் முன்னால் இளவரசி அவனுக்கு மேடம். பயம் வந்தால் அக்கா. “கார் ஒரு பக்கமா சாஞ்சி கும்புடு போடுது.”

இறங்கிப் பார்த்தார்கள். பின்சக்கரம் ரோட்டோடு ரோடாகப் படுத்துவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது, அதைச் சுற்றும் கைப்பிடி இல்லை. ஒரு பழைய குடை, அரவிந்தனின் தொலைந்துபோன கிரிக்கெட் பந்து.

மஞ்சுளா ஸ்டெப்னியை ஓர் உதை விட்டுப் பார்த்தாள். “இதுல காத்து பாத்து எவ்ளோ நாளாச்சு?”

“ஸ்டெப்னிக்குமா காத்து பாக்கணும்?” என்றான் அரவிந்தன். “சும்மா படுத்துக்கினு கீறதுக்கு எதுக்கு காத்து?”

“ஓடற டயர்ல காத்து போனா ஓட்றவனுக்குத் தெரியும். இது தூங்கிக்கினே செத்துப்பூடும். பொணத்த டிக்கில வச்சிக்கினு ஊரு சுத்துவ.” மறுபடி அழுத்திப் பார்த்தாள். “இதுல கொஞ்சம் உசுரு கீது. காஞ்சிபுரம் தாங்காது. மாகறல் போவலாம்.”

காக்கிப் பை திறந்தது. ஜாக்கி, ஸ்பேனர், இரும்பு பைப், பலகைத் துண்டு, சக்கரம் உருளாமல் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகள், சிவப்புத் துணி சுற்றிய கம்பு, டார்ச். கடைசியாக மடித்த ஒரு பழைய பிறந்தநாள் பேனர். கம்பைக் காருக்குப் பின்னால் தூரத்தில் நட்டாள். பேனரைத் தரையில் விரித்தாள். அதில் யாரோ ஒருவர் கைகூப்பிச் சிரித்தார். மஞ்சுளா அவர் முகத்தின் மேல் முட்டி போட்டாள்.

காரைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தினாள். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, நீண்டுபோன அதன் முனையில் ஏறி நின்றாள். நட்டு கிறீச்சென்று கத்திக்கொண்டு இளகியது.

“இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டபடி இளவரசி பக்கத்தில் குந்தினாள்.

“யாரு குடுப்பா? முதல் லோடு அன்னிக்கே பஞ்சர். ஒதவி பண்றேன்னு ஒருத்தன் வந்தான். நட்ட முடுக்கறதுக்கு முன்னாடி போன் நம்பர் கேட்டான். மறுநாளே ஜாக்கி வாங்கிட்டேன்.”

ஒரு பைக் வேகம் குறைந்து நின்றது. ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்தார். காரின் அந்தப் பக்கம் நின்றிருந்த அரவிந்தனிடம், “இன்னாப்பா, பொம்பளைய வேல செய்ய வுட்டுட்டு நீ வடை துன்னுக்கினு நிக்கிற?” என்றார்.

“நான் ஆபீஸ் ஸ்டாஃப்புண்ணா. டயரு அவங்க டிபார்ட்மென்ட்.”

“நவுரும்மா, நான் போட்டுத் தரேன்.”

மஞ்சுளா நிமிரவே இல்லை. “பாதில வாங்கி முடிச்சிட்டு, ஊரு பூரா நீதான் மாத்தினேன்னு சொல்லுவ. ஏற்கெனவே ஒருத்தன் சொல்லிக்கினு திரியறான். கெளம்புண்ணா.”

பைக் கிளம்பியது. இளவரசிக்கு அப்போதுதான் உறைத்தது. “அரவிந்தா, வடை ஏது?”

“தோ அந்தாண்ட வளைவுல ஒரு கடை கீது.”

“காசு?”

அவன் காரைச் சுற்றி வந்தான். இளவரசியின் கைப்பை அவன் தோளில் தொங்கியது. “முன்சீட்டுல கெடந்துச்சு. கதவத் தொறந்தேன், எடுத்தேன், போனேன், வாங்கினேன், வந்தேன். நீங்க ரெண்டு பேரும் இந்தாண்ட டயரக் கொஞ்சிக்கினு இருந்தீங்க. ஒரு வடை உங்களுக்கும் கீது, திருட்டுச் சொத்துன்னு வேணான்னு சொல்லிடாதீங்க.”

இளவரசி வடையை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. சக்கரத்தின் அருகே குந்தியிருந்தால் மறுபக்கம் என்ன நடக்கிறதென்று தெரியவே தெரியாது.

“மஞ்சுளா, நேத்து டயர் மாத்தி முடிச்சப்புறம் என்ன செஞ்ச? ஒண்ணு விடாம சொல்லு.”

“சாமான பையில போட்டேன். வண்டிய ஒரு சுத்து வந்தேன். எப்பவும் வருவேன், சக்கரத்தாண்ட ஏதாவது கெடந்தா ஏறிடும்ல. கிளீனர் சைடுல, நெல்லு ஓரமா, ஒரு ஜோடி செருப்பு கெடந்துச்சு. நெல்லு காய வச்சவங்களோடதுன்னு நெனச்சி எடுத்துப் பக்கத்துல ஒரு கல்லு மேல வச்சேன். ஆரன் அடிச்சேன். ஒண்ணுக்குப் போயிருந்தேன்னு சொல்லிக்கினு அவன் பின்னாலேர்ந்து ஓடியாந்து ஏறினான்.”

“நெல்லா?”

“அறுப்பு டைமாச்சே. அங்க பாதி ரோடு நெல்லுதான். கிளீனர் சைடு கதவத் தொறந்தா நெல்லுலதான் காலு.”

இளவரசி வடையைக் கடிக்க மறந்தாள்.

*

அந்த இடத்தில் இன்றும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தார்ச் சாலையின் இடது பாதி முழுக்க மஞ்சள். வண்டிகள் ஏறாமலிருக்க விளிம்பு நெடுகக் கல் அடுக்கியிருந்தது. நெல்லுக்கு அப்பால் சாலையோரம் ஒரு புளியமரம், வயலுக்குள் இறங்கும் மண் பாதை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடந்தாள். அவள் போன வழியெல்லாம் ஏர் ஓட்டியது போல் கோடு விழுந்து, அடிநெல் மேலே வந்தது. பெயர் சொக்கம்மாள். நெல் அவளுடையது.

“அம்மா, நேத்து இங்க…” என்று ஆரம்பித்தபடி அரவிந்தன் நெல்லின் மேல் கால் வைத்தான்.

“டேய்! செருப்பக் கயட்டு! சோத்த மெறிப்பியா நீ?”

“இது ஷூங்க.”

“ஷூன்னா இன்னா, வானத்துலேர்ந்து வந்துச்சா? கயட்றா!”

அவன் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டே கழற்றினான். இளவரசி சாலை விளிம்பிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள்.

“ஆமா, குட்டி யானை நின்னுச்சு,” என்றாள் சொக்கம்மாள். “நான் தண்ணி குடிக்க மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். வந்து பாத்தா, கால்ல கிண்டி வுட்ட கோடெல்லாம் குறுக்கால கலைஞ்சி கெடக்குது. இங்கேர்ந்து அந்தப் புளியமரத்தாண்ட வரைக்கும். நான் போறப்ப அங்க ஒரு பையன் பைக்க நிறுத்திக்கினு போன் பேசிக்கினு இருந்தான். திரும்பி வரப்ப அவனும் இல்ல, வண்டியும் இல்ல.”

“நெல்லுல நடந்தது யாருன்னு…”

“அத்த யாரு கண்டா? வெறுங்காலு. அதனால வாய வுடல. செருப்போட போயிருந்தான்னா அவன் வம்சத்தையே நிக்க வச்சிக் கேட்டிருப்பேன்.” முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். “தோ, இந்தக் கல்லு மேல ஒரு ஜோடி ஆம்பளச் செருப்பு கெடந்துச்சு. நல்ல தோலு. கேட்டு யாரும் வரல. எங்க வூட்டுக்காரரு போட்டுப் பாத்தாரு, பத்தல.”

“அதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?”

“எடுத்துக்கினு போ. யாருன்னு தெரிஞ்சா வந்து சொல்லிட்டுப் போவணும். என் நெல்லக் கலைச்சவன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

காரில் ஏறும்போது மஞ்சுளா பொறுக்க முடியாமல் கேட்டாள். “யாருதுக்கா அது?”

“நாம சொன்னா எவனும் நம்ப மாட்டான்,” என்றாள் இளவரசி. “அவன் காலே சொல்லட்டும்.”

*

சாயங்காலம். துரைராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். கூடத்தில் பிரேம்நாத். நேற்று பார்த்த வேடிக்கையின் மிச்சத்தைப் பார்க்கத் தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

வாசற்படிக்குக் கீழே வீட்டாரின் செருப்புகள் குவிந்து கிடந்தன. இளவரசி கையிலிருந்த தோல் செருப்பை அந்தக் குவியலில் போட்டாள். தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

“மூட்டை கிடைச்சிடுச்சு,” என்றாள். “கார்ல இருக்கு.”

கூடமே எழுந்து ஓடியது. துரைராஜ் முதலில். பின்னாலேயே முகம் வெளிறிய பிரேம்நாத், படியிறங்கும்போதே கண்ணைக் காரில் வைத்துக்கொண்டு, காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். அரவிந்தன் கார்க் கதவை விரியத் திறந்தான். உள்ளே ஒரு காலி வடைப் பொட்டலம்.

“எங்கம்மா மூட்டை?” என்று உறுமினார் துரைராஜ்.

“பொய் சொன்னேன் சார். பிரேம்நாத் அண்ணே, உங்க புதுச் செருப்பு படிகிட்டயே கிடக்கு. பழசைப் போட்டுட்டு வந்துட்டீங்க.”

பிரேம்நாத் குனிந்து தன் காலைப் பார்த்தான். பழகிய செருப்பு. குதிகாலைக் கடிக்கவில்லை.

“மஞ்சுளா வண்டி பஞ்சரான இடத்துல கிடைச்சுது,” என்றாள் இளவரசி.

அவன் திணறியது ஒரு நொடிதான். “ஆமா, என்னுதுதான்! இப்ப இன்னா? டயர் மாத்தறப்ப கிரீஸ் படும்னு கயட்டி வச்சேன். இவதான் எங்கியோ தூக்கிப் போட்டுட்டா. செருப்பக் கூட வுட்டு வைக்கல, மூட்டைய வுட்டு வைப்பாளா?”

தெருவில் யாரோ ‘அதானே’ என்றார்கள். துரைராஜின் முகம் தெளிந்தது. மஞ்சுளாவின் முகம் செத்தது.

“எங்க கழட்டினீங்க?” இளவரசியின் குரல் மாறவில்லை.

“வண்டியாண்டதான்.”

“டயர் டிரைவர் சைடு. செருப்பு கிடந்தது கிளீனர் சைடு.”

“அதனால இன்னா?”

“சித்திரை வெயில். கொதிக்கிற தாரு. கிளீனர் சைடுல செருப்ப விட்டுட்டு, வெறுங்காலோட வண்டியச் சுத்தி வந்து டயர் மாத்தினீங்களா? பைத்தியக்காரன் கூடச் செய்ய மாட்டான். ஒரு நல்ல காரணம் சொல்லுங்க, நான் இப்படியே போயிடறேன்.”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவனைக் கவிழ்த்தது.

“யாரு பைத்தியக்காரன்? நெல்லு மேல செருப்போட போவ நான் இன்னா சோறு துன்றவன் இல்லியா? அதான் கய…”

வாய் அப்படியே நின்றது.

“நெல்லைப் பத்தி இங்க யாருமே பேசலையே அண்ணே,” என்றாள் இளவரசி.

துரைராஜ் மெதுவாகத் திரும்பினார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “டயர மாத்தனவன்… நெல்லு மேல எதுக்குடா போன?”

பதிலை இளவரசி சொன்னாள்.

“நெல்லைத் தாண்டினாத்தான் புளியமரம். அங்க பைக்கோட இவர் கூட்டாளி. வெளியாள் வந்து திருடியிருந்தா மரத்துப் பக்கம் கழட்டியிருப்பான். இது வண்டிப் பக்கம் கிடந்தது. வண்டியிலேர்ந்து இறங்கினவர்தான் மூட்டையோட போயிருக்கார். அங்க கூட்டாளி தயாரா நின்னான்னா பஞ்சரும் இவர் வேலைதான். வண்டி நின்னுடும், பொம்பளதான, உதவிக்கு ஆளத் தேடிக்கிட்டுப் போவா, நிதானமா கைமாத்தலாம்னு கணக்கு. அவ பையைத் தொறந்து பைப்ப எடுத்தா. முடிஞ்சுது கணக்கு. அவ நட்டு முடுக்கறதுக்குள்ள ஓடிப் போய் ஓடி வரணும். வந்து பாத்தா வச்ச இடத்துல செருப்பு இல்ல. ‘என் செருப்பு எங்க’ன்னு கேக்கவும் முடியாது. பஞ்சர் உங்க திட்டம் அண்ணே. ஸ்டெப்னி உங்க திட்டத்துல இல்ல.”

“இல்லன்னு சொல்லுடா,” என்றார் துரைராஜ்.

பிரேம்நாத் உடைந்தான். “நானும் வண்டி வாங்கி சும்மா நிறுத்தி வச்சிக்கீறேன் மாமா. எத்தினி தபா கேட்டேன், லோட எனக்குக் குடுன்னு? இவ ஒரு நாள் கூட லேட் பண்ணலன்னு இவளுக்கே குடுத்தீங்க. இவ பேரு கெட்டாத்தான் எனக்கு லோடு… நம்ம வாசல்லயே டயருக்கு ஆணி வச்சேன். கோபால் பைக்ல பின்னாலயே வந்தான். மூட்டை பெருநகர் கிராமத்துல கோபால் வூட்ல கீது. ஒரு புடவ கூடப் பிரிக்கல.”

துரைராஜ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மஞ்சுளாவிடம் நீட்டினார். குரலை ரொம்பவும் தாழ்த்திக்கொண்டார். “உள்ள வாம்மா. உக்காந்து பேசிக்கலாம். குடும்ப விஷயம், தெருவுல எதுக்கு? நாளைலேர்ந்து லோடெல்லாம் உனக்குத்தான்.”

மஞ்சுளா சாவியை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகவில்லை.

“நேத்து என்னிய திருடின்னு எங்க நின்னு சொன்னீங்க?”

“அது ஏதோ கோவத்துல…”

“இங்க நின்னுதான சொன்னீங்க? இன்னிக்கும் இங்கயே சொல்லுங்க. நான் திருடல. டயர மாத்தனது நானு.”

துரைராஜ் தெருவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். உதட்டுக்குள் ஏதோ முனகினார்.

“கேக்கல,” என்றாள் மஞ்சுளா.

“மஞ்சுளா திருடல. டயர மாத்தனது மஞ்சுளா.”

“எதிர் வூட்டு மாடில நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார். நேத்து அவங்களுக்கும் கேட்டுச்சு.”

அரவிந்தன் வாயைத் திறந்தான். இளவரசி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். இப்போது இது மஞ்சுளாவின் தெரு, மஞ்சுளாவின் நேரம்.

துரைராஜ் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். மாடியில் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

“இப்ப கேட்டுச்சு,” என்றாள் மஞ்சுளா. வாசலில் நின்ற தன் வண்டியைச் சுற்றிப் போய், கிளீனர் சைடு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். “இத்தயே ஸ்டேஷன்லயும் வந்து சொல்லுங்க. இவன் மேல நான் எய்திக் குடுக்கப் போறேன். ஏறுங்க.”